முள் பார்க்காத சாயம்

லோயிஸ் செய்த பெட்டி பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஒரு பக்கம் டார்ச் பல்பு, நடுவில் தண்ணீர் ஊற்றும் கண்ணாடிக் குழாய், மறுபக்கம் பழைய கேமரா மீட்டரிலிருந்து கழற்றிய, வெளிச்சத்தை உணரும் சில்லு. தண்ணீரில் சாயம் இருந்தால் வெளிச்சம் குறையும், முள் ஏறும். அவ்வளவுதான். திருப்பதி காலேஜில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த அவளுக்கு அதன்மேல் அத்தனை கர்வம். இருக்காதா பின்னே? அக்கா எலிசபெத் வாழ்க்கைப்பட்ட ஊரில், மிஷன் கோயில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது அதுதானே!

கங்காதர நெல்லூரை ஒட்டிய ஊர். கிணற்றுக்குப் பக்கத்திலேயே லுங்கி நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. கழிவு வாய்க்காலில் ஓடி மண்ணில் கசிந்தது. கண்ணுக்குத் தண்ணீர் பளிங்குதான், ஆனால் முள் ஏறியது. ஆராதனை முடிந்த கையோடு சபைக்கு அதைக் காட்டினாள்.

“கண்ணை நம்பாதீங்க. என்னைக்கூட நம்ப வேணாம். முள்ளை நம்புங்க. அது பூஜ்யத்துல நிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு வாயில வைக்கக் கூடாது.”

சபை கிணற்றை மூடியது. பெண்கள் ஏரிக்கு அப்பால் கழனிக் கிணற்றுக்கு நடந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு எலிசபெத்தும் நடந்தாள்.

பட்டறை முதலாளி நாகபூஷணம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. பெட்டியைக் குனிந்து பார்த்து, “அந்த முள்ளு இன்னாத்தைம்மா பார்க்குது?” என்று தேனாகக் கேட்டார்.

“கலரைத்தான். வேற எதுவும் அதுக்குத் தெரியாது.”

பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மழைக்காலம் கழிந்து, கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டதாக நாகபூஷணம் சொல்லியனுப்பினார். லோயிஸ் வந்து சோதித்தாள். பூஜ்யம். நம்பாமல் குழாயைக் கழுவி மறுபடி ஊற்றினாள். அப்போதும் பூஜ்யம். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, “பூஜ்யம்” என்றாள். ஸ்தோத்திரம் என்று சத்தம் எழுந்தது. வாளிகள் இறங்கின.

மனசு கேளாமல் அவள் பட்டறைப் பின்பக்கம் போனாள். தொட்டியில் சிவப்புத் தண்ணீர். ஒருவன் டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைக் கொட்டினான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வெளுத்தது. கந்தகம் எரிந்த நெடி மூக்கில் ஏறியது. ஹைட்ரோஸ்! தப்பாகச் சாயம் ஏறிய நூலை வெளுக்கப் பட்டறைக்காரர்கள் போடுவது. ஐயோ, சாயம் எங்கேயும் போகவில்லை. உடைந்து, நிறமில்லாத துண்டுகளாகி, முன்னிலும் பொல்லாத விஷமாகக் கிணற்றில் இறங்குகிறது. அதைப் பார்க்க அவள் பெட்டிக்குக் கண் கிடையாது.

ஓடிவந்தாள். “குடிக்காதீங்க! கலர் மட்டுந்தான் போயிருக்கு, விஷம் போகல!”

நாகபூஷணம் சிரித்தார். “முள்ளை நம்பச் சொன்னது நீதானேம்மா? அது எங்க பக்கம் வந்ததும் வேணாமா? இதேம் ந்யாயம், இன்னா நியாயம் இது?”

“அதானே!” என்றார்கள் ஜனங்கள். யாருக்கும் இனி ஏரியைத் தாண்டி நடக்கத் தெம்பில்லை.

“இன்னாடி, வெளையாடுறியா?” எலிசபெத் சீறினாள். “மாசக்கணக்கா இந்த வயித்தைத் தூக்கிக்கினு நடந்தேன். உன் பேச்சைக் கேட்டுத்தானே நடந்தேன்? பூஜ்யம்னு இப்போ நீதானே சொன்னே?”

“தப்பாச் சொல்லிட்டேன்க்கா. பெட்டி தப்பு. நான் தப்பு. உன் கால்ல வேணா விழுறேன்.”

அக்காவின் கையிலிருந்த செம்பை அவள் தட்டிவிட்டாள். தண்ணீர் புடவையெல்லாம் நனைத்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. எலிசபெத் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக் குனிந்து, வாளியிலிருந்து இன்னொரு செம்பு மொண்டு, தங்கையைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.