மேல்முறையீடு முடியும்வரை

ரோவீனா தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்த நேரம், விடுதி மேலாளர் டெஸ்மண்ட் பூங்கொத்தோடு வந்து நின்றார். ஸ்கார்பரோ கடற்கரையில் இருக்கும் அந்த விடுதியில்தான் அவள் அறைகளைச் சுத்தம் செய்துவந்தாள். கர்ப்பம் என்று சொன்ன அடுத்த வாரமே, ஆள் குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் குறைப்பாம்! அவளைத் தவிர ஒரு தலைகூடக் குறையவில்லை. அதை எதிர்த்து விடுதி நிர்வாகத்திடமே அவள் மேல்முறையீடு செய்திருந்தாள்.

"உன் மேல்முறையீட்டை மேலிடம் அடுத்த திங்கள் விசாரிக்குதும்மா. அதுவரைக்கும் தொழிலாளர் தீர்ப்பாயம் அது இதுன்னு அலையாதே. நாமெல்லாம் ஒரு குடும்பம் இல்லையா?" என்றார் டெஸ்மண்ட்.

ரோவீனாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விசாரணை நடக்கும்போது வழக்குப் போட்டால் அடாவடிக்காரி என்று சொல்வார்களே! இப்படி நினைத்தேதான் இத்தனை நாளும் சும்மா இருந்தாள்.

மேஜையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹில்டா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடியே, ஏமாந்துடாதே! வேலையை விட்டு நிறுத்தின அன்னிக்கே தீர்ப்பாயத்துக்குப் போறதுக்கான கெடு ஓட ஆரம்பிச்சாச்சு. மேல்முறையீடு நடக்குதுன்னு அது நிக்காது. பேக்கரியில என்னையும் இப்படித்தான் பொறு பொறுன்னாங்க. பொறுத்தேன், கெடு போச்சு. என் கேஸை யாரும் காதுலயே வாங்கல."

ரோவீனா சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள். இந்த வியாழனோடு அவளுடைய கெடு முடிகிறது. விசாரணையோ திங்கள்! அடுப்பை அணைத்துவிட்டு ஹில்டா பக்கம் திரும்பினாள்.

"இப்ப என்னக்கா செய்யணும்?"

"முதல்ல, வேலைத் தகராறைப் பேசித் தீர்க்கிற சமரசச் சேவைக்கு வியாழனுக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறந்தான் தீர்ப்பாயம் மனுவை வாங்கும். போனை எடுடீ!"

டெஸ்மண்டின் முகம் மாறியது. "இந்த ஊர்ல உனக்கு வேற வேலை கிடைக்கணும். யோசிச்சுக்கோ."

"மிரட்டுறீங்களா சார்? நல்லது, அதையும் சேத்தே சொல்லிடறேன்." ரோவீனா எண்களை அழுத்தினாள். "குடும்பம்னீங்களே, வயித்துப்பிள்ளைக்காரியைத் தெருவுல தள்ளுறதுதான் உங்க குடும்பமா? மேல்முறையீடும் நடக்கட்டும், வழக்கும் நடக்கட்டும். ரெண்டுக்கும் வருவேன்."

அவர் வாசலைத் தாண்டும்போது அவள் உரக்கவே சொன்னாள்:

"நல்லா கேட்டுக்கோங்க சார். முதலாளி பேச்சு எவ்வளவு இனிப்பா இருந்தாலும் சரி, அதை நம்பி வேலைக்காரங்க கெடுவைக் கோட்டை விடக்கூடாது. விட்டா, நியாயம் நம்ம பக்கம் இருந்தும் கேக்க ஆளிருக்காது!"