நிறையாத குழி

மாநகராட்சியிலிருந்து ஷீலா மேடம் வந்து தேவானையிடம் நோட்டீஸை நீட்டினார். சாணித் தண்ணீர் இன்னொரு தடவை மழைநீர்க் கால்வாயில் ஓடினால் இரண்டு மாடும் லாரியில் ஏறிவிடும். இரண்டு மாதம் கெடு. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்தில், புருஷன் போன பிறகு பதினோரு வருஷமாக அந்த மாடுகளை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். பிழைப்பு கிடக்கட்டும், வீட்டில் பேச்சுத்துணையும் அதுகள்தான்.

"சாணிய செடி வெக்கிறவங்களுக்கு அள்ளிக் குடுத்துடறேன் மேடம். கயுவுற தண்ணிய எங்க ஊத்தறது? என் தலைலயா?"

"குழி வெட்டித் தேக்குங்க. இல்லன்னா மாட்ட ஊருக்கு வெளிய கொண்டுபோங்க."

குழி வெட்ட எங்கே இடம்? கொட்டகையும் குடித்தனமும் சேர்ந்தே கால் கிரவுண்டுதான். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மூலையில் கிடந்த சிமென்ட் மூடி கண்ணில் பட்டது. வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சொன்ன காலத்தில் புருஷன் வெட்டிய குழி. உள்ளே ஜல்லியும் மணலும். ஒரு பக்கெட் சாணித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். கடகடவென்று குடித்துவிட்டது. இன்னொன்று ஊற்றினாள். அதையும் குடித்தது. அடி சக்கை! அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனையும் எங்கே போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம், பாவி. யோசிக்கவில்லை. கால்வாய் சுத்தமானதும் சந்தே அவளை மெச்சியது.

அடுத்த வீடு ஜலஜா மாமி வீடு. நடுவே ஒரு மதில்தான். மதிலை ஒட்டி மாமியின் கிணறு. கேன் தண்ணீரை மாமி வாசற்படி ஏற்றமாட்டாள். குடிக்க, சமைக்க, சுவாமிக்கு, எல்லாவற்றுக்கும் கிணறுதான். தேவானையின் மாடுகளைப் பிடிக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கித் தந்தவளும் அதே மாமிதான்.

ஆறாவது வாரம் மாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். பேரன் அச்யுத்துக்கு வாந்தியும் பேதியும், மருமகள் மஹதி அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள் என்றாள்.

"நாலு வயசுக் குழந்தை, கண்ணே செருகிப் போச்சுடி. எங்காத்துக் கெணத்து ஜலம் வேற நாலு நாளா வாடை வரது."

"இன்னா வாடை மாமி?"

"சொன்னா கோச்சுக்காதே. மாட்டுக் கொட்டாய் வாடை."

தேவானை திரும்பி அந்த மூலையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் மாடு போயிற்று. திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பி வந்து அதே தண்ணீரைத்தான் குடிக்கும்.

"காய்ச்சிக் குடி மாமி," என்று மட்டும் சொன்னாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று அன்று முழுக்கத் தன்னையே வைதுகொண்டாள்.

மறுநாள் காலை ஷீலா மேடம் வந்தார். கால்வாயைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "சூப்பர்மா. லைசென்ஸ் போட்டுடலாம்."

பேச்சுக் குரல் கேட்டு மாமியும் வந்து சேர்ந்துகொண்டாள். "இவ சுத்தம் யாருக்கும் வராது. எங்க கெணத்துலதான் எந்தச் சாக்கடைத் தண்ணியோ கலந்துண்டிருக்கு. அதைக் கொஞ்சம் பாருங்கோ."

அந்த நல்ல வார்த்தையைத்தான் தேவானையால் தாங்க முடியவில்லை. விடுவிடென்று போய் மூடியைப் புரட்டித் தள்ளினாள். "இதுலதான் ஊத்திக்கினு கீறேன் மேடம்."

ஷீலா குனிந்து பார்த்தார். "ஐயோ, இது மழைநீர்க் குழிம்மா! இதுல ஊத்தினா நேரா நிலத்தடித் தண்ணிலதான் போய்க் கலக்கும்."

மாமி தேவானையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

வேறு குழிக்கு இடமில்லை. அந்த வாரமே மாடுகளைத் திருப்போரூர்ப் பக்கம் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். வண்டியில் ஏற மறுத்த சின்னதை தேவானையே தடவிக்கொடுத்து ஏற்றிவிட்டாள். அச்யுத் பிழைத்துக்கொண்டான். ஆனால் மஹதி அவனைத் தூக்கிக்கொண்டு அசோக் நகரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தண்ணீர் இருக்கிற வீட்டில் குழந்தை கால் வைக்கக் கூடாதாம்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கிணற்றில் தண்ணீர் மேலேறி வந்தது; வாடையும் கூடவே ஏறி வந்தது. தேவானை தினமும் தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்து மாமி வாசலில் வைப்பாள். மாமி எடுத்துக்கொள்வாள், பேசமாட்டாள். ஒருநாள் தேவானையால் பொறுக்க முடியவில்லை.

"இன்னும் ரெண்டு மழை பெஞ்சா சரியாய்டும்னு மேடம் சொல்லிக்கீறாங்க மாமி. அப்பால கொயந்த வந்துடும்."

மாமி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட அந்த மேடம் ரெண்டு வருஷ மழை ஆகும்னு சொல்லியிருக்கா," என்றாள். "அதுக்குள்ள அவனுக்கு என் மொகம் மறந்துடும்டி."