பட்டாணிக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

ஜம்புநாதனுக்கு பேகம்பேட்டில் இருந்த ஒரு விதைக் கம்பெனியில் வேலை. ஊருக்கு வெளியே கம்பெனி வயலில், நிறையக் காய்க்கும் பட்டாணி ரகம் ஒன்றை உருவாக்க வேண்டும். பல வருடமாக முயன்றதில் உருவானது தன் தொப்பை மட்டும்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தத் தை மாதம் அவர் கண்ணில் பட்டது அந்தச் செடி. ஒரே கலப்பில் பிறந்திருந்தாலும் வயலில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு தினுசு. மற்றவை இருபது காய் வைத்திருக்க, இது அறுபது காயோடு நின்றது. படம் எடுத்து போனின் முகப்பில் வைத்துக்கொண்டார்.

மாரெட்பள்ளி வீட்டில் மனைவி சாந்தா அதைப் பார்த்துவிட்டாள். "என்னையும் நம்ம பொண்ணு ஹர்ஷிதாவையும் தூக்கிட்டு இந்தச் செடியா?"

"இது சாதாரணச் செடி இல்ல, சாந்தா."

"சரி, நாங்கதான் சாதாரணம்."

தலைமை அதிகாரி மங்கையர்க்கரசி கேட்டார்: "இந்தக் காய்ப்பு விதையில இறங்குமா? இல்ல, மண்ணும் தண்ணியும் குடுத்ததா?"

"இறங்கும் மேடம். ரத்தத்துல ஊறினது." செடிக்கு ஏது ரத்தம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

வித்தியாசம் எடுப்பாகத் தெரிய வேண்டுமே என்று, அதே வரிசையின் நெரிசலில் சோனியாக நின்ற ஒரு குட்டைச் செடியின் விதையையும் எடுத்தார். அழகுக்குப் பக்கத்தில் திருஷ்டிப் பொட்டு. கணக்குப் பார்க்கும் சக விஞ்ஞானி சபீனா எச்சரித்தாள்: "ஒரே ஒரு செடிய நம்பி இவ்வளவு ஆட்டம் நக்கோ, வேணாம் ஜம்பு சார்." அவளுக்குச் செடி பார்க்கும் கண் இல்லை என்று அவர் பரிவோடு சிரித்தார்.

அடுத்த குளிர்காலத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்தார்கள். அறுபது காய்ச் செடியின் பிள்ளைகள் ஊரோடு ஒத்து இருபது காய் காய்த்தன. குட்டைச் செடியின் பிள்ளைகளோ காய்ப் பாரம் தாங்காமல் சாய்ந்தன. ஜம்புநாதன் முதலில் பனியைத் திட்டினார். பிறகு பெயர்ச்சீட்டு மாறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போய்ப் பார்த்தார். மாறவில்லை.

சபீனா அவர் போனை வாங்கி, அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். செடிக்கு இரண்டு பக்கமும் வெறும் மண். அக்கம்பக்கத்துச் செடிகள் செத்துப்போனதால் மூன்று பேர் சோற்றை இது ஒன்றே தின்றிருக்கிறது. குட்டைச் செடி கூட்டத்தில் நசுங்கிப் பட்டினி கிடந்திருக்கிறது.

"காலி இடத்துக்குப் பக்கத்துல நிக்கற செடிய எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் புதுசா வர்றவங்களுக்கு க்ளாஸ் எடுக்கறீங்க?"

"வருஷா வருஷம்" என்றார் ஜம்புநாதன். "கேட்டவங்க யாரும் தூங்கல. நான்தான் தூங்கியிருக்கேன்."

மங்கையர்க்கரசி வயல் பார்க்க வந்தவர், நேராகக் குட்டைச் செடியின் வாரிசுகளிடம் போய் நின்றார். "அபாரம்! நீங்க சொன்ன செடி இதுதானா?"

தலையை ஆட்டினால் போதும். ஜம்புநாதனின் தலை பாதி ஆடியும் விட்டது. அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"இல்ல மேடம். அது அந்தப் பக்கம் சும்மா நிக்குது. இது அதுக்கு நான் வெச்ச திருஷ்டிப் பொட்டு."

நடந்ததை முழுக்கச் சொன்னார். மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "பரவாயில்ல. இனிமே இந்தத் திருஷ்டிப் பொட்டையே வளர்த்து எடுங்க. இதுலேருந்து நல்ல செடிய யார் பொறுக்கப் போறீங்க?"

"சபீனாவே பொறுக்கட்டும்" என்றார் ஜம்புநாதன்.

"நக்கோ சார், நீங்களே பொறுக்குங்க. நீங்க கழிச்சதையும் நான் தனியா எடுத்து வெச்சுக்கறேன்."

மறுநாள் காலை அவர் வரிசையில் குனிந்தபடி நடந்தார். பைகளோடு சபீனா பின்னால் வந்தாள். ஒரு செடியைப் புரட்டிப் பார்த்து, "இது ரொம்பச் சுமார்" என்றார் ஜம்புநாதன்.

அவள் அதற்கு ஒரு சீட்டைக் கட்டினாள்.