மேயருக்குச் சளி

செனைதா கல்யாணமாகி, குஸ்கோ பக்கத்து மலையூரான அந்தாவுக்கு வந்தபோது மாமியார் மெல்சோரா கொடுத்த சீர், நாலு கூய்கள். ஒரு ஆண், மூன்று பெண். கினிப் பன்றிக்கு அங்கே அதுதான் பெயர். அது கத்துவதும் அப்படித்தான். புது மருமகள் கையில் கூய் பெருகினால் வீடு தழைக்கும். செத்தால் அந்தக் கையைப் பற்றி ஊர் பேசும். ஜூன் கடைசியில் வரும் சான் ஹுவான் திருநாளன்று மாமியார் வந்து பார்ப்பாள். இதை யாரும் செனைதாவுக்கு விளக்கிச் சொல்லவில்லை. கல்யாண விருந்தில் ஆளுக்கு ஆள் அவள் கையையே பார்த்ததில் அவளுக்கே புரிந்துவிட்டது.

மெல்சோரா வாய்விட்டுச் சொன்னது ஒன்றுதான். சட்டிக்குப் போகிற எதற்கும் பெயர் வைக்காதே என்றாள்.

செனைதா கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தாள். ஆனால் அந்த ஆண் கூய் உடம்பெல்லாம் கறுப்பு. தோளிலிருந்து வயிறு வரை குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. மேடையில் ஏறும் மேயர் பட்டை கட்டியதுபோல. தொந்தியைத் தூக்கிக்கொண்டு சமையலறையின் மூலை முடுக்கெல்லாம் பார்வையிடும், ஒரு வேலையும் செய்யாது. வேறு என்ன பெயர் வைக்க முடியும்? கணவன் இலாரியோவிடம் மட்டும் சொன்னாள். அவன் அன்றிலிருந்து சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றினான்.

செனைதா குஸ்கோ நகரத்தில், மாடி வீட்டில் வளர்ந்தவள். இங்கே பாலர் பள்ளியில் வேலை. அந்தாவில் எல்லா வீட்டிலும் கூய்கள் அடுப்புக்கடியில்தான் குடியிருக்கும். சமைக்கிறவள் காலைச் சுற்றி ஓடும், உருளைக்கிழங்குத் தோல் விழுந்தால் பாயும். செனைதாவுக்கு அது பொறுக்கவில்லை. அடுப்படி என்றால் அடுப்படி மாதிரி இருக்கவேண்டும் என்று இலாரியோவை நச்சரித்து, தாழ்வாரத்தில் ஒரு கூண்டு கட்டவைத்தாள். நாலு கால், மூன்று பக்கமும் கம்பிவலை, மேலே தகரம். அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். ஜூன் மாதம் வருகிறது என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை. அங்கே ஜூன்தான் கடுங்குளிர்காலம். மலைமேல் இருக்கும் அந்தச் சமவெளியில் வாளித் தண்ணீர் விடிவதற்குள் கண்ணாடியாகிவிடும்.

முதலில் மேயர் தும்மினார். தூசி என்று நினைத்தாள். அடுத்து மூக்கைச் சுற்றிப் பொருக்குத் தட்டியது, கண்ணில் நீர் கோத்தது. ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு, தேய்ந்த துடைப்பம்போல மூலையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிக் காதோடு வைத்துக் கேட்டால், மூச்சுக்கு மூச்சு சோளம் பொரிவதுபோல ஒரு சின்னச் சத்தம். முன்னால் வைத்த குதிரைமசால் தழை வைத்தபடியே வாடியது. சாப்பிடாத கூய்க்கு என்ன ஆகும் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு ஹசிந்தா சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"அடுப்படியில பொறந்தவங்களைக் கொண்டுபோய்த் தெருவுல படுக்க வச்சா?" என்றாள். "உன் புருஷனை அங்க படுக்கவச்சுப் பாரு, தெரியும்."

உடனே எல்லாவற்றையும் அடுப்படிக்கே தூக்கிப்போகச் சொன்னாள். செனைதா அப்படியே செய்தாள். அன்றைக்கென்று விறகு ஈரத் தைலமரம். புகை இடுப்பு உயரத்துக்கு நின்றது. மற்ற மூன்றும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி துள்ளின. மேயரின் மூச்சில் மட்டும் சோளம் இன்னும் பலமாகப் பொரிந்தது.

ஹசிந்தா விடுகிறவள் இல்லை. மகனுக்குத் தொண்டைக்கட்டு வந்தபோது வாங்கி மிச்சமிருந்த மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். செனைதா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேரே கடைவீதிக்கு, மாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். அங்கே இருந்த மருத்துவர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். மனுஷனுக்குக் கெடுதல் செய்யாத இந்த மருந்து கூயின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும், சளி போவதற்குள் கூய் போய்விடும் என்றாள். எடை என்ன என்று கேட்டாள். செனைதா விழித்தாள். திரும்ப வீட்டுக்குப் போய், ஹசிந்தாவின் உருளைக்கிழங்குத் தராசில் மேயரை நிறுத்தி வந்து சொன்னபிறகுதான் வேறொரு சொட்டு மருந்து கிடைத்தது. கூடவே நாலு வார்த்தை. தனியாக வை. சூடாக வை, ஆனால் புகை கூடாது. தூசி கூடாது. சாப்பிடாவிட்டால் ஊட்டு.

புகையில்லாத, காற்றடிக்காத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. மேயர் படுக்கையறைக்குக் குடிவந்தார்.

ஒரு பழப்பெட்டி. அடியில் வைக்கோலுக்குப் பதில் கிழித்த பழந்துணி. ஒரு மூலையில் வெந்நீர் நிரப்பிய பாட்டில், இலாரியோவின் காலுறைக்குள். செனைதா தீவனத்தை இடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, ஆரஞ்சுச் சாறு விட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுப்பாள். நேராக ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். கடைவாய்ப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், மென்று விழுங்கும்வரை காத்திருக்கவேண்டும். மேயர் முதல் வாயை அவள் சட்டையில் துப்பினார். இரண்டாவதையும். பாலர் பள்ளியில் இதைவிட மோசமானவர்களைப் பார்த்தவள் அவள். ஈரத்துணியால் மூக்குப் பொருக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய் மற்ற மூன்றையும் பார்ப்பாள். மூன்றும் சினை.

இலாரியோ ஆட்டோ ஓட்டுகிறவன். விடியற்காலையில் முதல் சவாரி. ஒவ்வொரு காலையும் அவன் போனபிறகு பார்த்தால் அவன் தலைவழியே மாட்டிக்கொள்ளும் கம்பளி, அவனுடைய போஞ்சோ, பழப்பெட்டியின் மேல் போர்த்தியிருக்கும். சிவப்புக் கம்பளியில் அவன் அம்மா தன் கையால் நெய்து கொடுத்தது. ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரை இருக்கிறதே, குளிராது என்று அவன் சொன்னான். செனைதாவும் நம்பினாள். நம்புவது அப்போது வசதியாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் கையிலிருந்த குதிரைமசால் தண்டு மெல்ல நகர்ந்தது. மேயர் அதன் நுனியைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார். தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் மறைந்தது. செனைதா மூச்சுவிடாமல் அடுத்த தண்டை நீட்டினாள். மறுநாள் பெட்டியில் புழுக்கைகள் கிடந்தன, கெட்டியாக, ஒரே அளவாக. அவள் அவற்றை எண்ணாத குறைதான். தும்மல் மட்டும் இன்னும் விடவில்லை.

அதே நாளில் இலாரியோ இருமத் தொடங்கினான்.

ஆட்டோவில் இருமினால் அது சந்தைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான். மெல்சோரா திருநாள்வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில், உயரத் தொப்பியும் முதுகில் கட்டிய மூட்டையுமாக வாசலில் வந்து நின்றாள். மூட்டையில் அருவதா மூலிகைக் கொத்தும் கொக்கா இலையும் இருந்தன. மகனைக் கட்டிலில் உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். கூயைத் தேய்த்து எடுத்தால்தான் சரியாகும் என்றாள்.

கூயைத் தேய்ப்பது என்றால் என்னவென்று செனைதாவுக்குத் தெரியும். உயிரோடு பிடித்து நோயாளியின் தலை முதல் கால்வரை தேய்ப்பார்கள். உடம்பில் இருப்பதைக் கூய் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு அதை அறுத்துப் பார்ப்பார்கள். எந்த உறுப்பில் கறை இருக்கிறதோ, அங்கேதான் மனுஷனுக்கும் நோய். பெண்ணுக்குப் பெண் கூய், ஆணுக்கு ஆண். கறுப்பாக இருந்தால் விசேஷம்.

மெல்சோரா அடுப்படிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். மூன்று பெண் கூய்களின் வயிற்றைத் தொட்டுத் தலையாட்டினாள். திரும்பி வந்து, ஆணைக் காணோமே என்றாள்.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தும்மல்.

இலாரியோ சட்டென்று இருமினான். இன்னொரு தும்மல். இன்னும் பலமாக இருமினான். தும்மலும் மகனுடையது என்று நினைத்த மெல்சோரா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கடியில் பெட்டி கண்ணில் பட, குனிந்து அதை வெளியே இழுத்தாள். சினைக் கூய்களை அது தொல்லை செய்யாமல் தனியாக வைத்திருக்கிறேன் என்று செனைதா சொன்னாள். அது பாதி உண்மைதான்.

மாமியாரின் கைகள் பழகிய கைகள். மேயரை ஒரு பிடியில் எடுத்து மகனின் உச்சியிலிருந்து ஆரம்பித்தாள். நெற்றி, கழுத்து, நெஞ்சு, முதுகு. உதடு எதையோ முணுமுணுத்தது. மேயர் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, விழாவில் மாலை போடும்போது நிற்பவர்போலப் பேசாமல் இருந்தார். நெஞ்சுக்கு இரண்டாம் முறை வந்தபோது இலாரியோவின் முகத்திலேயே தும்மினார். தொடர்ந்து மூன்று.

மெல்சோராவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா. இழுத்துட்டான். நல்ல ரத்தம், அதான் உடனே இழுத்துட்டான். போ, கத்தியும் கிண்ணத்துல தண்ணியும் எடுத்துட்டு வா."

செனைதா அடுப்படிக்குப் போனாள். கத்தி எடுத்தாள். கிண்ணத்தில் தண்ணீர் மொண்டாள். அங்கேயே நின்றாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எல்லாம் தானாகவே சரியாகிவிடும். நுரையீரலில் கறை இருக்கும். மகனின் நோய் என்று மாமியார் காட்டுவாள். புது மருமகள் வளர்த்த கூய் வீட்டுக்காரனுக்காகப் போனது என்று ஊர் மெச்சும். தாழ்வாரத்துக் கூண்டைப் பற்றியோ ஜூன் மாதத்தைப் பற்றியோ யாரும் கேட்கப்போவதில்லை. சொன்னால், சீராகக் கொடுத்ததைக் குளிரில் போட்டுக் கொல்லப் பார்த்தவள். அந்தக் கை.

காலடியில் ஒரு பெண் கூய் அவள் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது. செனைதா கத்தியைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்தாள். கிண்ணத்தை ஏன் கொண்டுபோகிறோம் என்று தெரியாமலே அதை மட்டும் ஏந்திக்கொண்டு போனாள்.

"கத்தி எங்க?"

"அத்தை, அது இப்ப இழுத்த சளி இல்ல." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மேயருக்கு ரொம்ப நாளாவே சளி. நான்தான் வெளியில கூண்டு கட்டி வச்சேன். பனி தாக்கிடுச்சு. சாகக் கிடந்துச்சு. இப்பதான் சாப்பிடுது."

மெல்சோரா எதை முதலில் கேட்பாள் என்று செனைதா காத்திருந்தாள்.

"எந்த மேயர்?"

இலாரியோ கூரையைப் பார்த்தான். செனைதா மாமியாரின் கையில் இருந்தவரைக் கண்ணால் காட்டினாள். மெல்சோரா குனிந்து வெள்ளைப் பட்டையைப் பார்த்தாள். வாயின் ஒரு ஓரம் இழுபட்டது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். மேயரைக் காதோடு வைத்துக் கேட்டாள். மூக்கைத் தடவினாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பிறகு பழப்பெட்டியை ஆராயத் தொடங்கினாள். ஆரஞ்சுத் தோல். சிரிஞ்சு. காலுறைக்குள் பாட்டில். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். கடைசியாகச் சிவப்புக் கம்பளியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது முழுவதுமாக வெளியே வந்தது.

"இது நான் நெஞ்சது."

"நான்தாம்மா போத்திவிட்டேன்," என்றான் இலாரியோ. "இவளுக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் செனைதா.

"அப்ப நீ எதைப் போட்டுட்டு ஆட்டோ ஓட்டுன?"

இலாரியோ இருமினான். இந்தத் தடவை அது நிஜம்.

மெல்சோரா ஒரு கையில் கூயும் ஒரு கையில் போஞ்சோவுமாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று செனைதா பயந்தாள். தொப்பி சரிந்து மடியில் விழுந்தபிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள்.

"நான் இத்தனை வருஷமா கூயைத் தேச்சுப் பாத்திருக்கேன்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வீட்டுல எல்லாம் தலைகீழு. சீக்கு கூய்க்கு. இழுத்துக்கிட்டவன் எம்புள்ள. குணமானது கூய். இப்ப யாரை அறுத்துப் பாக்கணும், நீயே சொல்லு."

இலாரியோ போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

அப்புறம் அவள் சிரிப்பை முடித்துக்கொண்டு மருமகளைத் திட்டினாள். நிதானமாக, ஒன்றையும் விடாமல் திட்டினாள். கூண்டைத் திட்டினாள், குஸ்கோவைத் திட்டினாள், மாடி வீடுகளைத் திட்டினாள். திட்டிக்கொண்டே மேயரைப் பெட்டியில் இறக்கி, போஞ்சோவைத் தானே போர்த்தி, ஓரத்தை உள்ளே செருகினாள். கூய்க்குப் பதிலாகக் கோழிமுட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதை மகன் மேல் தேய்த்தாள். முட்டை தும்மவில்லை. அதை உடைத்துக் கிண்ணத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். வெறும் குளிர்தான், வேறொன்றுமில்லை என்றாள்.

போகும்போது அவளோடு செனைதா வாசல்வரை போனாள். மாமியார் ஊரில் என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். சுவருக்கு மேலே ஹசிந்தாவின் தலை தயாராக இருந்தது. கூய்களெல்லாம் எப்படி இருக்கு என்று விசாரித்தாள்.

மெல்சோரா மூட்டையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"மூணு சினை. ஆணுக்குக் கொஞ்சம் சளி, தேறிட்டான்," என்றாள். "எம்மருமவ கையில செத்ததும் எந்திரிக்கும் போல."

பாதையில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனாள். திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"ராத்திரிக்கு எம்புள்ளைக்கு நல்ல சூப்பா வச்சுக் குடு. எதைப் போட்டு வைக்கிறதுன்னு உன் இஷ்டம். மேயரைத் தவிர."