மரத்தவளை பதில் சொல்லாத அந்தி

முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில், எனாங்கா கூடையோடு குப்பே மலை ஓடையில் இறங்கினாள். கணவன் இசூமே இறந்து ஒரு வருஷம். அன்று அந்திக்கு அவனுக்கு விருந்து. ஓடையை மண்ணால் அணைகட்டி, தண்ணீரை இறைத்து மீன் அள்ளுவது எங்கள் ஊர்ப் பெண்களின் வேலை. கூட வரவேண்டியவர்களோ கிழங்கு இடிக்கப் போய்விட்டார்கள்.

"தனியா எறைச்சு எப்ப அண்ணி முடிப்பீங்க?" என்றான் கொழுந்தன் எபூதே. கையில் கோகோ மரத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து. "இதை ஊத்துங்க. மீனு தானா மெதக்கும். பக்கத்து ஊருல எல்லாம் இப்பிடித்தான் புடிக்கிறாங்க."

"சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"கொதிக்க வச்சா எல்லாம் போயிரும்."

ஊற்றினாள். மீன்கள் மல்லாந்து மிதந்தன. கரையோரத்துப் பச்சை மரத்தவளைகளும் பெரிய கண்களைத் திறந்தபடியே மிதந்து வந்தன. அவசரத்தில் அவற்றைக் குச்சியால் ஒதுக்கிவிட்டாள்.

அந்தியில் உறவெல்லாம் கரையில் கூடியது. விருந்தைத் தொடுமுன் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மரத்தவளை குரல் கொடுத்தால் அவர் வந்துவிட்டார் என்று பொருள். மழைக்குப் பிறகு அவை வாய் மூடினதாக யாருக்கும் நினைவில்லை.

"இசூமே, சாப்பிட வாங்க," என்றாள் எனாங்கா.

இலைகளிலிருந்து நீர் சொட்டியது. வேறு சத்தமில்லை. மறுபடியும் அழைத்தாள். காடு செவிடாகிவிட்டதோ என்றிருந்தது.

"பொண்டாட்டி மேல கோவம்போல," என்றாள் நாத்தனார் டிபே. "இருந்தப்ப என்ன பாடு படுத்தினாளோ." யாரோ சிரித்தார்கள்.

எனாங்கா மரங்களை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் ஒதுக்கிய அந்தக் கண்கள் இப்போது ஒவ்வொரு இலையிலிருந்தும் அவளைப் பார்த்தன. திரும்பினாள். டிபேயின் சின்ன மகள் மீன் குழம்பில் கிழங்கைத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். எனாங்கா ஓடிப்போய் அதைத் தட்டிவிட்டு, பானையையும் கவிழ்த்தாள்.

"அண்ணி, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றான் எபூதே.

"அவருக்கு என்மேல கோவமில்லப்பா. பதில் சொல்ற வாயையெல்லாம் காலையில நான்தான் அடைச்சேன். தவளையைக் கொன்ன மருந்து நம்ம புள்ளைங்கள மட்டும் விட்டுருமா? ஓடையில ஊத்துற வெஷம் ஓடையோட நிக்காது. நம்ம தட்டுக்குத்தான் வரும்."

எபூதே தலை குனிந்து, குழம்பைப் புதைக்கக் குழி வெட்டினான். அதன்பிறகு எங்கள் ஓடையில் ஒருவரும் மருந்து ஊற்றவில்லை. ஆனாலும் மழை பெய்த அந்திகளில் எனாங்கா கரைக்குப் போய்க் கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். இன்னும் பதில் வரவில்லை.