குளிர் தொட்ட குருத்து

மாலை ஐந்தரைக்கு லாரியின் பின்கதவைத் திறந்தான் ரெஜினால்ட். வெண்புகை வெளியே வந்தது.

அவன் ஓட்டும், உறைகோழி ஏற்றும் லாரி. அன்று தங்கை செலினா நியாலாஸ் ஊரிலிருந்து பாச்சாங்குக்கு வீடு மாறினாள். கணவர் லியோனல் இறந்து இரண்டு மாதம். அவர் தொட்டியில் விதை போட்டு வளர்த்த நரிவால் பனை என்னும் அழகுப்பனை பத்திரமாக வந்து சேர வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. வண்டியைக் கிளப்பினால் குளிர்ப்பெட்டியின் சுவிட்சையும் தட்டுவது ரெஜினால்டின் கைப்பழக்கம். அன்றும் கை தட்டிவிட்டது.

ஓலைகளில் வெள்ளை படிந்திருந்தது. மறுநாள் எல்லாம் வெந்த கீரைபோலத் தொங்கின. செலினா திட்டவில்லை. அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பெம்பானில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த பரமேஸ்வரனிடம் ஓடினான். காய்ந்த ஓலையை வெட்ட வேண்டாம், குருத்துக்கு அதுதான் போர்வை என்றார் அவர். உரமும் வேண்டாம். நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

இழுத்தான். கையோடு வந்தது. அடி அழுகி நாறியது. அந்தப் பனைக்கு உயிர் உச்சியில்தான். அது போனால் பக்கத்தில் கிளைக்காது.

குருத்து இருந்த குழியில், அழுகலைத் தடுக்கும் செம்பு மருந்து ஊற்றினான். வேலை முடிந்து தினமும் வந்தான். மழைநீர் இறங்காதபடி உச்சியில் தன் ரெயின்கோட்டைக் கட்டினான். அவன் வந்தால் செலினா ஜன்னலைச் சாத்துவாள். பக்கத்து வீட்டு ஜெயா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு அங்கிள் ரெயின்கோட்டு? அன்னைக்கே ஸ்வெட்டர் போட்டிருக்கணும்லா."

கிறிஸ்துமஸுக்கும் செலினாவிடமிருந்து கேக் வரவில்லை.

தவக்காலம் தொடங்கிய வாரம் குழிக்குள் விட்ட விரலில் ஏதோ முட்டியது. புதுக்குருத்து. மெல்ல மெல்ல மேலே வந்து ஒரு நாள் ஓலையாக விரிந்தது. நுனி கருகியிருந்தது. கோடு கிழித்ததுபோல, அதற்குக் கீழே பச்சை.

புதிய ஓலை ஏன் கருக வேண்டும்? வெகுநேரம் பார்த்தபின்தான் விளங்கியது. அன்று லாரியில் இதுவும் வந்திருக்கிறது. தண்டுக்குள், இருட்டில், மடிந்தபடி. குளிர் அதுவரை இறங்கி, நுனியைத் தொட்டு, நின்றுவிட்டது. அதற்குள் அடுத்தது, அதற்குள் நகத்தளவில் இன்னொன்று.

ரெஜினால்ட் தொப்பியைக் கழற்றினான்.

கதவு திறந்தது. செலினா வந்து நின்றாள். அவன் கண்டதைத் தணிந்த குரலில் சொன்னான். லியோனல் தண்ணீர் ஊற்றிய காலத்திலேயே இது உள்ளே உருவாகியிருக்கும் என்றும் சொன்னான்.

அவள் கருகிய கோட்டைத் தடவினாள். பிறகு தண்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"அவரு இருந்தப்ப உண்டானது உள்ள இன்னும் எத்தனை இருக்கும்ணே?"