கிளின்டு பஸ்

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எங்கள் ஊர் அபர்வென்னுக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளின்டுவுக்கும் ரக்பி ஆட்டம். நிலக்கரிச் சுரங்கம் இருந்த காலத்திலும் நடந்தது, சுரங்கத்தை மூடிய பிறகும் நடக்கிறது. மூக்கை உடைத்தவனை அன்று சாயங்காலமே மன்னித்து பீர் வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் ஒரு ஊருக்கு ஆடிவிட்டு மற்ற ஊருக்கு ஆடப் போனவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

என் புருஷன் இத்வல் அப்படி வந்தவர். பிறந்தது கிளின்டு, ஆடியது அவர்களுடைய கறுப்புச் சட்டையில். என்னைக் கட்டிக்கொள்வதற்காக மலை தாண்டி வந்து எங்கள் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. அவர்கள் கிளப்பில் இவருடைய போட்டோவைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார்கள். தோளோடு தோள் கோத்து முன்வரிசையில் ஆடிய ஹெவின் என்கிற சிநேகிதன், அடுத்த ஆட்டத்தில் எதிரே நின்று இவர் முன்பல்லைத் தட்டிவிட்டான். நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். எனக்காக ஒருவன் ஒரு ஊரையே விட்டு வந்திருக்கிறான் என்ற கர்வம் எனக்கு. அந்தக் கர்வத்தில்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

இப்போது அவருக்கு ஞாபகம் போய்விட்டது. தலையில் நிறைய அடி பட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். தலையோடு தலை முட்டி முன்வரிசையில் ஆடுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றார். என் பெயரை மறந்தார். அம்மா எங்கே என்று கேட்டார். செத்துப்போய் எவ்வளவோ காலமாகிறது என்று ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அழுதார். மறுநாள் திரும்பவும் கேட்டார். அதற்குப் பிறகு நான் சொல்வதில்லை. என்னால் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை, புது வருஷம் பிறந்ததும் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று.

அதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் மைதானத்தில் ஆட்டம் நடக்கிற வருஷம், எங்கள் பழைய கேப்டன்களில் ஒருவர் பந்தைக் கையில் ஏந்தி அணிக்கு முன்னால் நடந்து வருவது வழக்கம். இத்வலும் எங்களுக்குக் கேப்டனாக இருந்தவர்தான்; இந்தத் தடவை அவர் நடக்க வேண்டும். என் ஆள், என் ஊர் ஆள் என்று எல்லோரும் ஒரு தடவை பார்க்க வேண்டும். இப்போதைய கேப்டன் ரோட்ரியிடம் போய்க் கேட்டேன்.

"இதைக் கேக்கணுமா அத்தை? மாமாவைக் கூட்டிட்டு வாங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்," என்றான்.

சவரம் செய்துவிட்டு, பச்சை டை கட்டி அழைத்துப் போனேன். கிளப்பில் ஒரு நடை, அதில் எதிரும் புதிருமாக இரண்டு அறை. ஒன்றில் எங்கள் பையன்கள், மற்றதில் வந்தவர்கள். பந்தை எடுத்து வருகிறேன், இங்கேயே நில்லுங்கள் மாமா என்று சொல்லிவிட்டு ரோட்ரி உள்ளே போனான். நான் கம்பி வேலி ஓரம் வந்து நின்றுகொண்டேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் கறுப்புச் சட்டைகள் வந்தன. அவர்களுக்கு முன்னால் இத்வல் வந்தார்.

யாரோ கழுத்தில் கறுப்பு மஃப்ளர் சுற்றிவிட்டிருந்தார்கள். என் பச்சை டை அதற்கடியில் போய்விட்டது. வீட்டில் இரண்டு எட்டு வைக்கவே தள்ளாடுகிற மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது ஹெவின். அவனுக்கும் இப்போது தலை வழுக்கை, இடுப்பு போய்விட்டது.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாத்தியா, கடைசில புத்தியைக் காட்டிட்டான் பாரு."

"வாயை மூடுறா. அவருக்கு உடம்பு சரியில்லன்னு தெரியாதா உனக்கு?" என்று இன்னொருவன் அதட்டினான்.

எனக்கு முகம் எரிந்தது. ஆட்டம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். நாங்கள்தான் ஜெயித்தோம் என்று பிறகு சொன்னார்கள். இடைவேளையில் ஹெவின் வேலியோரமாக என்னிடம் வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதே இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க நெஸ்டா. நாங்க கூப்பிடல. அவனா கதவைத் தொறந்து உள்ள வந்தான். என் சட்டை எங்கடா ஹெவின்னு கேட்டான். என் பேரைச் சொல்லிக் கேட்டான். நான் என்ன பண்ணுவேன்?"

"உங்க பேரு ஞாபகம் இருக்கா அவருக்கு?"

அவன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் ஊர்ப் பெண்கள் வேலை. ஆட்டுக்கறியும் வெங்காயத்தாள் மாதிரியான லீக் தண்டும் போட்டுக் காய்ச்சிய சூப், ரொட்டி, பாலாடைக்கட்டி. நான் கரண்டியோடு நின்றேன். கறுப்புச் சட்டைகளின் வரிசையில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு இத்வலும் வந்தார். ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாருக்குங்க. நீங்க இந்த ஊரா?"

"ஆமா."

"அப்ப உங்ககிட்ட ரொம்பப் பேசக் கூடாது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிரும்."

பக்கத்தில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"எனக்கா? இந்த மூஞ்சிக்கு யாருங்க பொண்ணு குடுப்பா?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசு போய் நின்ற காலத்தில் மலைக்கு இந்தப் பக்கம் நான் என்று ஒருத்தி அவருக்கு இல்லவே இல்லை. என்னை மறந்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறப்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டுமே. என் கர்வம் அந்தச் சூப்புப் பானைக்கு முன்னால் செத்தது. கரண்டியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது ரோட்ரி பதறிக்கொண்டு வந்தான்.

"அத்தை, மாமா அவங்க பஸ்ல ஏறி உக்காந்துட்டாரு. எறங்க மாட்டேங்கிறாரு. வீட்டுக்குப் போகணுமாம். நாங்க நாலு பேரு தூக்கிட்டு வந்துரட்டுமா?"

"யாரும் அவர் மேல கை வைக்காதீங்க."

"அப்ப நீங்க யாருன்னு சொல்லிப் புரிய வைங்க அத்தை."

சொல்லலாம். நான் உன் பெண்டாட்டி, உன் அம்மா செத்துவிட்டாள், உன் ஊர் உன்னைத் துப்பிவிட்டது, எல்லாம் எனக்காக என்று சொல்லலாம். அவர் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பார். அந்தப் பஸ்ஸுக்குள் அத்தனை பேர் முன்னால் அழுவார்.

கோட்டை மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர் ஜனம் மொத்தமும் கிளப் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிளின்டு பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் யாரும் ஏறி நான் கண்டதில்லை. நான் ஏறினேன். உள்ளே பாட்டு நின்றுவிட்டது. இத்வலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெவின் என்னைப் பார்த்ததும் எழுந்து பின்னால் போய்விட்டான்.

"இங்க உக்காரலாமா?"

இத்வல் ஜன்னல் பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். "தாராளமா. சூப்பு ஊத்துனவங்கதானே? எங்க ஊருக்கா வர்றீங்க?"

"ஆமா."

"அங்க யாரைத் தெரியும் உங்களுக்கு?"

டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்ததும் வண்டியை எடுத்தார்.

"யாரையும் தெரியாதுங்க," என்றேன்.

"பயப்படாதீங்க," என்றார் இத்வல். "நான் இருக்கேன்ல."